பாதியில் கேட்ட பேச்சு

கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் அவரை எல்லாரும் ஆலிமா என்றுதான் கூப்பிடுவார்கள். மதரஸாவில் மார்க்கக் கல்வி படித்துப் பட்டம் வாங்கிய பெண்களுக்கு அந்தப் பெயர் உண்டு. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நாற்பதைத் தாண்டியிருப்பார். ஒல்லி, நல்ல உயரம். யார் என்ன சொன்னாலும் சொல்கிறவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். நாம் எதிர்பார்க்கிற 'அப்படியா' வராது. "யாரு சொன்னா?" என்பார். அதற்குப் பதில் சொன்னால், "அவுங்களுக்கு யாரு சொன்னா?" என்பார்.

மீன்காரம்மாவுக்கும் அவருக்கும் இதனாலேயே வாரத்தில் ஒரு சண்டை வரும். விடியக்காலம் பிடித்த மீன் என்று அந்த அம்மா சொன்னால், நீ பார்த்தாயா என்று கேட்பார். படகுக்காரன் சொன்னான் என்றால், அவன் எப்போதும் உண்மை சொல்கிறவனா என்று கேட்பார். "வாங்குனா வாங்குங்க, இல்லன்னா உடுங்க, கோர்ட்டுல கேக்குறாப்புல கேக்காதீங்க" என்று அந்த அம்மா கூடையைத் தூக்கித் தலையில் வைக்கும். அதற்குள் ஆலிமா செவுளைத் திறந்து பார்த்து முடித்திருப்பார். கடைசியில் அந்த மீனையேதான் வாங்குவார்.

ஒருமுறை பால்காரர் வந்து, அடுத்த தெரு ஹாஜியார் மௌத்தாகிவிட்டார் என்று சொன்னார். பெண்கள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இவர் மட்டும் வாசலில் நின்று, மய்யித்தை, அந்த உடலை, நேரில் பார்த்தது யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஹாஜியார் உண்மையிலேயே இறந்திருந்தார். இந்த விசாரணை அந்த வீட்டார் காதுக்குப் போய், அவர்கள் வெகுநாள் இவரோடு பேசவில்லை. ஆலிமா அந்த வீட்டுக்குப் போய், பேசாதவர்களுக்கு நடுவில் மூன்று நாளும் உட்கார்ந்து ஓதிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை மதியம் அவர் வீட்டு மாடியில் பெண்களுக்கு ஹதீஸ் வகுப்பு நடக்கும். நபிகளார் சொன்னதாக வருகிற ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் ஒரு பெயர் வரிசை உண்டு. இவர் அவரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று போகும். மற்ற இடங்களில் அந்த வரிசையைச் சட்டென்று தாண்டிச் செய்திக்கு வந்துவிடுவார்கள். ஆலிமாவுக்கு வகுப்பே அந்த வரிசையில்தான். இவர் அவரை நேரில் சந்தித்தாரா, இவருக்கு வயதான காலத்தில் மறதி வந்ததா, இவர் சொன்ன அதே செய்தியைக் கூட இருந்து கேட்ட இன்னொருவர் வேறு வார்த்தையில் சொல்கிறாரே, அது ஏன் என்று போய்க்கொண்டே இருப்பார். சிலருக்குத் தூக்கம் வந்துவிடும். ஒருநாள் ஒரு பெண், இதை ஓதினால் இன்ன நன்மை என்று அச்சடித்த ஒரு தாளை ஆசையாகக் கொண்டுவந்து காட்டினாள். ஆலிமா படித்துப் பார்த்துவிட்டு, "கேக்க நல்லாருக்கு. அதான் பயமாருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. பிடிக்காததற்குக் காரணம் இருந்தது.

நான் சிதம்பரத்துப் பெண். 2004ல் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தேன். என் கணவருக்கு சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மாமனார் துறைமுகத்துப் பக்கம் வலையும் கயிறும் விற்கிற கடை வைத்திருந்தார். என்னை மகளே என்றுதான் கூப்பிடுவார். அந்த டிசம்பரில் சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கடல் பக்கம் போனார். திரும்பி வரவில்லை. மறுநாள்தான் உடல் கிடைத்தது.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவர் மனைவி, என் மாமி, அழுதுகொண்டே ஒன்று சொன்னார். "மருமக எறா கேட்டா. அத வாங்கத்தான் போனாரு." நான் பக்கத்தில்தான் இருந்தேன். அழுகிற பெண்ணிடம் அந்த நேரத்தில், இறாலுக்காகவே போகும்படி நான் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது. சும்மா இருந்துவிட்டேன். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குள் அது தெரு முழுக்கப் போயிருந்தது. சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. மாமனார் வேண்டாம் என்று சொன்னதாகவும் நான் அடம்பிடித்ததாகவும் ஒரு வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.

அடுத்த வருடம் என் கொழுந்தன் பைக்கில் போகும்போது அண்ணாகிராமம் பக்கத்தில் பலா ஏற்றிவந்த வண்டியில் மோதிக் காலை உடைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு வீட்டில் என்னிடம் யாரும் கோபமாகப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. யாராவது வெளியே கிளம்பும்போது மாமி சாதாரணமாக, "நீ உள்ள இரும்மா" என்பார். நான் போட்ட டீ ஆறிப்போய் ஜன்னலில் இருக்கும். நான் நுழைந்தால் அறையில் பேச்சு நிற்கும். பீடை என்ற சொல்லை ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டேன். யார் குரல் என்று தெரியவில்லை. அதனால் எல்லாருடைய குரலும் அந்தக் குரலாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆலிமா எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெகுநேரம் மாமி அழுகிற சத்தம் கேட்டது. என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றியது. வெளியே வந்தவர் நேராகச் சமையல்கட்டுக்கு வந்து, சலாம் சொன்னதும் ஆரம்பித்துவிட்டார்.

"முந்துன நாளு நீ உன் மாமனார்கிட்ட என்னா சொன்னே?"

"நாளைக்கு அந்தப் பக்கம் போனா எறா வாங்கிட்டு வாங்க மாமான்னு சொன்னேன்."

"போனான்னு சொன்னியா, போய்ன்னு சொன்னியா?"

"போனான்னுதான் சொன்னேன்."

"வருஷம் ஒண்ணாச்சு. அந்த வார்த்த அப்படியே ஞாபகம் இருக்கா? இல்ல, அப்படிச் சொல்லியிருந்தா நல்லாருக்குமேன்னு இப்ப தோணுதா?"

என் கையில் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. நான் அப்படியே நிற்பதைப் பார்த்துவிட்டு, மாமி அப்போது எங்கே இருந்தார் என்று கேட்டார். பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தார், பேச்சு முடிகிற நேரத்தில் உள்ளே வந்தார் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கவலைப்படாதே என்று ஒரு வார்த்தை கிடையாது. தலையில் கை வைத்து ஒரு துஆ கிடையாது. என் மேல் குற்றப்பத்திரிகை எழுதத்தான் அவர் வந்தார் என்று நான் முடிவு செய்தேன். வேலை முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன். "அவுங்க எல்லாரையும் அப்படித்தான் கேப்பாங்க" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. அன்று இரவெல்லாம் போனா, போய், போனா, போய் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல இரண்டும் நான் சொன்னது மாதிரியே இருந்தது.

கொஞ்ச நாளில் பரங்கிப்பேட்டையிலிருந்து பெரியத்தா வந்தார். மாமனாரின் அண்ணன். குடும்பத்துக்கு இப்போது அவர்தான் பெரியவர். என் அத்தாவையும், என்னைப் பெற்றவரையும், சிதம்பரத்திலிருந்து வரச் சொல்லியிருந்தார். ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நாங்கள் திரைக்கு உள்பக்கம். பெரியத்தா கெட்டவர் இல்லை. தம்பியைக் கடலுக்குக் கொடுத்தவர். நிதானமாகத்தான் பேசினார். பெண், வீடு, குதிரை இந்த மூன்றில் துர்ச்சகுனம் உண்டு என்று ஹதீஸ் இருக்கிறது, இது நானாகச் சொல்வது இல்லை என்றார். பிறகு, "குதிரைன்னா இந்தக் காலத்துக்கு பைக்குதான? அத வித்தாச்சு. வூட்ட இடிக்க முடியாது. மீதி என்னா இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்று என் அத்தாவிடம் கேட்டார்.

அத்தா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது திரையின் ஓரத்தில் எனக்குத் தெரிந்தது. நபிகளாரின் பெயரைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் எங்கள் வீடுகளில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கொஞ்ச நாளைக்கு அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று யாரோ சொன்னார்கள். கொஞ்ச நாள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துணிகளை எடுத்து வைக்க எழுந்தேன். அப்போது என் கணவர் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனார். அவர் திரும்பி வரும்போது கூடவே பின்வாசல் வழியாக ஆலிமா வந்தார். போயும் போயும் இவரையா கூட்டிவந்தீர்கள் என்று கேட்க நினைத்தேன்.

ஆலிமா திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சலாம் சொன்னார். பெரியத்தா தான் சொன்னதைத் திரும்பவும் சொல்லிவிட்டு, இப்படி ஒரு ஹதீஸ் இருக்கிறதா இல்லையா என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தக் கூடத்தில் அவரை மறுத்துப் பேச யாருக்கும் படிப்பு கிடையாது. ஆலிமா அப்படிச் சொல்லவில்லை.

"இருக்கு. நீங்க சொன்ன வாசகத்துலயே இருக்கு. இருக்குறத இல்லன்னு சொல்ல மாட்டேன்."

என் அத்தா நிமிர்ந்து திரையைப் பார்த்தார்.

ஆலிமா தொடர்ந்து பேசினார். வகுப்பில் பேசுகிற அதே குரல். இந்தச் செய்தியைச் சொன்ன அதே நபித்தோழர் வழியாக இன்னொரு வாசகமும் வருகிறது, அதில் துர்ச்சகுனம் என்று ஒன்று இருக்குமானால் இந்த மூன்றில் இருக்கும் என்று இருக்கிறது, வேறொரு தோழரும் அதே மாதிரி இருக்குமானால் என்றுதான் சொல்லியிருக்கிறார் என்றார். "அரபியில அந்த 'இருக்குமானா'ங்குறது அலிஃபும் நூனும். ரெண்டே எழுத்து. அது இருந்தா ஒரு அர்த்தம், இல்லன்னா வேற அர்த்தம். இத வெச்சு ஆயிரம் வருஷத்துக்கு மேல பேசிட்டிருக்காங்க. சகுனமே கெடையாதுன்னும் தனியா ஹதீஸ் இருக்கு. அதையும் இதையும் எப்படிச் சேத்துப் புரிஞ்சுக்கறதுன்னுதான் பேச்சே."

அதோடு நிறுத்தவில்லை. நபிகளாரின் துணைவியார் ஒருவர் இந்தச் செய்தியைக் கேட்டுக் கோபப்பட்டதாகவும் ஒரு அறிவிப்பு உண்டு என்றார். சொன்னவர் பாதியில் உள்ளே வந்து கடைசிப் பகுதியை மட்டும் கேட்டிருக்கிறார், அது அறியாமைக் காலத்து மக்கள் நம்பி வந்ததை நபிகளார் எடுத்துச் சொன்னது, அவருடைய சொந்தச் சொல் இல்லை என்று அந்த அம்மையார் விளக்கினாராம். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே ஆலிமா அதையும் கெடுத்தார்.

"இது நான் சொல்ல வந்ததுக்குச் சாதகமா இருக்கு. அதனால இதையும் சொல்லிடணும். இது வந்த வழி ஒண்ணுல நடுவுல ஒரு ஆள் விட்டுப்போயிருக்குன்னு சொன்னவங்க இருக்காங்க. இன்னொரு வழிய ஏத்துக்கிட்டவங்களும் இருக்காங்க. முதல் வாசகத்த அப்படியே எடுத்துக்கிட்ட பெரிய ஆளுங்களும் இருக்காங்க."

அவர் யார் பக்கம் என்றே எனக்குப் புரியவில்லை. பெரியத்தாவுக்கும் புரியவில்லை என்று நினைக்கிறேன். "அப்ப நான் சொன்னது சரின்னுதான சொல்றீங்க?" என்றார்.

"நீங்க யார் சொல்லிக் கேட்டீங்க?"

"வேன்ல வர்றப்ப மார்க்கப் பேச்சு, பயான் சீடி ஓடிட்டிருந்துச்சு."

"மொதல்லேந்து கேட்டீங்களா?"

"நான் ஏறுனது நடுவழியில. ஏறும்போதே ஓடிட்டுதான் இருந்துச்சு."

"எறங்குனப்ப முடிஞ்சிருச்சா?"

கூடத்தில் யாரோ இருமினார்கள்.

"ஆயிரம் வருஷம் படிச்சவங்க ரெண்டு எழுத்துக்காகத் தயங்கி நின்ன எடத்துல, நீங்க ஒரு பொண்ணோட பேரையே எழுதிட்டீங்க" என்றார் ஆலிமா. குரல் உயரவில்லை.

பெரியத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பெண்கள் நமக்கு மார்க்கம் சொல்கிற காலம் வந்துவிட்டதா என்று எழுந்தார். பள்ளிவாசல் ஹஜ்ரத்தை அழைத்து வந்தார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆலிமா சொன்ன கருத்து வேறுபாடு உள்ளதுதான் என்றார். எப்படியிருந்தாலும் ஒரு பெண்ணை விரல் நீட்டி இவள்தான் என்று சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். பெரியத்தா சாப்பிடாமலே பரங்கிப்பேட்டை போய்விட்டார்.

என்னை அனுப்பவில்லை. ஆனால் என் கணவர் அடுத்த மாதமே சிதம்பரத்தில் வாடகைக்கு வீடு பார்த்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தினமும் பஸ்ஸில் சிப்காட்டுக்குப் போய்வந்தார். அந்தப் பெண் வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று பெரியத்தா பக்கம் நிம்மதிப்பட்டார்கள். மகன் பெண்டாட்டியோடு இருக்கிறான் என்று என் வீட்டில் நிம்மதிப்பட்டார்கள். கிளம்புகிற அன்று ஆலிமா வாசலில்தான் நின்றிருந்தார். நான் அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் சண்டை போட்டது எனக்காக இல்லை, அந்த இரண்டு எழுத்துக்காக என்றுதான் நினைத்தேன்.

சிதம்பரத்தில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். மாமி வந்து பார்ப்பார், ஓரிரு நாள் இருப்பார், போய்விடுவார். 2011 கடைசியில் அடித்த புயலில் முதுநகர் வீட்டின் மேல் பக்கத்துத் தென்னை விழுந்து கூரை போய்விட்டது. கொழுந்தன் அப்போது சவூதியில் இருந்தான். மாமி எங்களோடு வந்து சேர்ந்தார். சர்க்கரை ஜாஸ்தியாகிக் காலில் புண் வந்திருந்தது. நான்தான் துடைத்து மருந்து போடுவேன். அப்படி ஒருநாள் போட்டுக்கொண்டிருக்கும்போது, எந்தப் பேச்சும் இல்லாமல், காலைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னைக்கு அவரு எறா வாங்கப் போகல. நான்தான் போகச் சொன்னேன். காலையிலேந்து பாத்ரூம் செவுத்தப் பத்தியே நொய்நொய்னு பேசிட்டிருந்தாரு. வூட்டுலயே உக்காந்து உசுர எடுக்காம கடல் பக்கமாவது போய்ட்டு வாங்கன்னு சொன்னேன்."

நான் பஞ்சைக் கீழே வைத்தேன். இதை வேறு யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். மகன்களுக்குத் தெரியாது என்றார். "ஆலிமாகிட்ட சொன்னேன். அப்பவே. கதவச் சாத்திக்கிட்டு அழுதேனே, அன்னைக்கு."

ஆலிமா மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. மாமி மேல் வந்த கோபத்தைவிட அது பெரிதாக இருந்தது. அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அலிஃபையும் நூனையும் பேசிக்கொண்டிருந்தபோது அவருக்கு இது தெரியும். தெரிந்துகொண்டுதான் என்னிடம் வந்து போனாவா போயா என்று கேட்டாரா, அல்லது மாமி சொன்னதையும் நம்பாமல் கேட்டாரா. ஒரே வாக்கியத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

அடுத்த வாரம் முதுநகருக்குப் போனேன். புயலுக்குப் பிறகு தெருவில் மரமே இல்லை, வெயில் நேராக இறங்கியது. ஆலிமாவின் வகுப்பு அப்போது வெகுவாகக் குறைந்துவிட்டிருந்தது. பக்கத்துத் தெருவில் கேட்க நன்றாக இருக்கிற வகுப்பு ஒன்று தொடங்கியிருந்தது, பெண்கள் அங்கே போய்விட்டார்கள். தலைமுடி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்து உட்காரச் சொன்னார். நான் சுற்றி வளைக்கவில்லை. மாமி சொன்னதைச் சொல்லி, உங்களுக்குத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும்னு யாரு சொன்னா?"

"மாமியேதான் சொன்னாங்க."

"அவுங்க உன்கிட்ட சொன்னது உன்கிட்ட இருக்கட்டும். என்கிட்ட யாரு என்னா சொன்னாங்கன்னு நான் சொல்றதில்ல."

நான் விடவில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் இத்தனை வருடம் நான் அதைச் சுமந்திருக்க மாட்டேன் என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடித்ததும் சொன்னார்.

"அப்படி ஒண்ணு எனக்குத் தெரிஞ்சிருந்தாலும் அந்தக் கூடத்துல சொல்லியிருக்க மாட்டேன். அன்னைக்கு அவுங்களுக்குப் பீடைன்னு ஒரு ஆளு வேண்டியிருந்துச்சு. நீ இல்லன்னா இன்னொருத்தி. ஆள மாத்தி உடறதுக்கு நான் வரல."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனாலும் கோபம் முழுதாகப் போகவில்லை. புருஷனை இழந்த மாமியை அன்றைக்கு அவர் காப்பாற்றினார். அதற்கான விலையை என்னிடம் கேட்காமலே என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். இதை அவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "அப்படியும் இருக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்டதிலேயே மன்னிப்புக்குப் பக்கத்தில் வந்த வார்த்தை அதுதான். வாசல்வரை வந்து வழியனுப்பினார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். எங்கே போனேன் என்று நான் சொல்லியிருக்கவில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆலிமா என்ன சொன்னார் என்று கேட்டார். உங்கள் காலைப் பற்றி விசாரித்தார் என்றேன். வேறே என்றார். வேறு ஒன்றும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தன்னை என்ன பேசியிருப்போம் என்ற யோசனை அவர் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

என் கணவர் ஷிப்ட் முடிந்து உள்ளே வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னா, ரெண்டு பேரும் ஒரு மாதிரி இருக்கீங்க" என்று கேட்டார்.

மாமி என்னைப் பார்த்தார். கட்டில் விளிம்பை அவர் கை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ஒண்ணும் இல்ல மச்சான். மாமி கால் வலிக்குதுன்னாங்க" என்றேன்.